திரும்பி வந்த கட்டுரையும் 1918ஆம் ஆண்டின் பம்பாயும்

எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் பொருளியல் மாணவி ஒருவர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் கூலியைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவருடைய அம்மாவும் அதே வேலையில் இருந்தவர். ஓர் ஆண்டு உழைத்து எழுதியதை ஒரு பொருளியல் ஆய்விதழுக்கு அனுப்பினார். ஒன்பது மாதம் பதில் இல்லை. பிறகு மின்னஞ்சலில் மூன்றே வரி வந்தது. மாதிரி எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று விளக்கமில்லை, முந்தைய ஆய்வுகளோடு உரையாடல் போதாது, நடை செயற்பாட்டாளர் நடையாக இருக்கிறது. அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதை வாசித்துக் காட்டிவிட்டு, "இந்த இதழெல்லாம் நமக்கானதுதானா, அண்ணா?" என்று கேட்டார். உடனே "ஆமாம்" என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. ஒருவர் "துண்டறிக்கை போடுவோம், நூறு பேராவது படிப்பார்கள்" என்றார். இன்னொருவர் கோபமாக எதையோ சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. கடைசியில் ஒரு வேலை செய்தோம். அண்ணல் அம்பேத்கர் ஒரு பொருளியல் ஆய்விதழில் எழுதிய கட்டுரையை எடுத்து, அதை மட்டும் வரிவரியாகப் படிப்பது என்று முடிவெடுத்தோம். பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணிவரை, இரண்டு ஞாயிறு. அதில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கட்டுரையின் பெயரைத் தமிழில் சொன்னால், 'இந்தியாவில் சிறு நில உடைமைகளும் அவற்றுக்கான தீர்வுகளும்'. வெளிவந்த ஆண்டு 1918. வெளியிட்டது இந்தியப் பொருளியல் கழகத்தின் ஆய்விதழ். இதழுக்கு அப்போது அதுதான் முதல் தொகுதி. நம் தோழர்கள் பலர் அம்பேத்கரைச் சட்ட மேதையாக அறிவார்கள், பொருளியலாளராக அறிந்தவர்கள் குறைவு. அறிந்தவர்களும் ரிசர்வ் வங்கியை அவரே உருவாக்கினார் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைவிட அவர் செய்த வேலை சுவையானது, நமக்குப் பயன்படுவதும் கூட.

அந்தக் கட்டுரை எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1916இல் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போனார். பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடு திரும்ப வேண்டியிருந்தது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அவர் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களை ஏற்றி வந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தன்னை மறைத்துக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் படியுங்கள்.

பம்பாய்க்குத் திரும்பினார். மாணவர்களுக்குத் தனியே பாடம் சொல்லிக்கொடுத்தார். பங்குச் சந்தை ஆலோசனை சொல்லும் தொழிலும் தொடங்கினார். அவர் எந்தச் சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் குறிப்பிடுகிறார். நிரந்தர வேலை இல்லை, தலைக்கு மேல் குடும்பம், முடிக்காமல் விட்ட லண்டன் படிப்பு. அந்தக் கட்டத்தில்தான் இந்தக் கட்டுரை வந்தது. வயது 27க்குள்.

அக்காலத்தில் பொருளியல் ஆய்விதழ் என்பதே வயது குறைந்த ஒன்று. ஹார்வர்டின் காலாண்டிதழ் 1886இல் தொடங்கியது. இங்கிலாந்தின் 'எகனாமிக் ஜர்னல்' 1891 மார்ச்சில் முதல் இதழை வெளியிட்டது. அம்பேத்கர் பிறந்தது அதற்கடுத்த மாதம், ஏப்ரல் 14. இந்தியாவில் அலகாபாத்திலிருந்து ஒரு பொருளியல் இதழ் 1916இல் வரத் தொடங்கியது, பம்பாய்க் கழகத்தின் இதழ் 1918இல். இந்த இதழ்களில் யார் எழுதினார்கள் என்று பாருங்கள். கல்லூரிப் பேராசிரியர்கள், வேளாண் துறை அதிகாரிகள், வெள்ளைக்கார நிர்வாகிகள். இந்திய விவசாயியைப் பற்றி ஏராளமாக எழுதினார்கள். ஒடுக்கப்பட்டோரின் வீட்டிலிருந்து ஒருவர் வந்து எழுதுவார் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இனி கட்டுரைக்குள் போவோம்.

அந்தக் காலத்தில் படித்தவர்கள் நடுவே ஒரு கவலை இருந்தது. நிலம் துண்டு துண்டாகச் சிதறுகிறது, அதனால்தான் இந்திய விவசாயம் நலிகிறது என்பது அது. கவலைக்கு ஆதாரமும் இருந்தது. புனேவுக்குப் பக்கத்தில் பிம்ப்ளே சௌதாகர் என்ற கிராமத்தை ஹெரால்டு மான் என்ற வேளாண் அறிஞர் ஆராய்ந்து 1917இல் நூலாக வெளியிட்டார். 1771இல் சராசரியாக 40 ஏக்கராக இருந்த உடைமை, 1914-15இல் 7 ஏக்கராகச் சுருங்கியிருந்தது. இதற்குத் தீர்வாக இரண்டு சொன்னார்கள். சிதறிய துண்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது ஒன்று. உடைமையைப் பெரிதாக்கி, இனிப் பிரியாமல் சட்டம் போட்டுத் தடுப்பது மற்றொன்று. பரோடா அரசு இதற்காகவே ஒரு குழு அமைத்திருந்தது. பம்பாய் மாகாண வேளாண் இயக்குநர் கீட்டிங், அலகாபாத் பேராசிரியர் ஸ்டான்லி ஜெவன்ஸ் ஆகியோர் திட்டங்களை முன்வைத்திருந்தார்கள். எல்லாரும் பெரிய பெயர்கள்.

அம்பேத்கர் இவர்களை ஒதுக்கிவிட்டு எழுதவில்லை. அவர்கள் சொன்னது என்ன என்பதை முதலில் நேர்மையாக எடுத்து வைக்கிறார். எங்கள் வட்டத்தில் பலருக்கு இந்த இடத்தில்தான் பொறுமை போனது. "எப்போது அடிப்பார்?" என்று ஒரு தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். எதிராளியின் வாதத்தை, அவரே படித்தாலும் 'ஆம், நான் சொன்னது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதிய பிறகுதான் அடிக்கிறார். சிதறிய துண்டுகளைச் சேர்ப்பது வேறு பிரச்சினை, சிறிய அளவு என்பது வேறு பிரச்சினை என்று இரண்டையும் பிரிக்கிறார். அப்புறம் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்.

'பொருளாதார உடைமை' என்பதே அந்தச் சொல். ஒரு குடும்பம் செலவெல்லாம் போக ஓரளவு வசதியாக வாழ எவ்வளவு நிலம் வேண்டுமோ அதுதான் பொருளாதார உடைமை என்று கீட்டிங் வரையறுத்திருந்தார். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்பேத்கர் கேட்கிறார்: இது நுகர்வின் பக்கம் நின்று செய்த அளவு அல்லவா? நிலம் என்பது உற்பத்திக்கான ஒரு கருவி. ஒரு தொழில் சரியாக நடக்கிறதா என்று பார்க்க, அதில் போட்டதற்கும் வந்ததற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். அந்த வருமானத்தில் எத்தனை வாய் சாப்பிடுகிறது என்பதை வைத்துத் தொழிலை எடைபோடக் கூடாது. வீட்டிலிருக்கும் எல்லாரும் அந்த நிலத்தில் உழைக்கவில்லை என்னும்போது, எல்லாருடைய சோற்றுச் செலவையும் அந்த நிலத்தின் கணக்கில் எழுதுவது எப்படிச் சரியாகும்?

இதை எங்களுக்கே புரியும்படி நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கணக்கு எங்களுடையது, அவருடையதல்ல. மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரிடம் கிணறும் மாடும் எருவும் போதுமான அளவு இருக்கிறது. பதினைந்து ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஒரே ஒரு சோடி மாடு, அதுவும் பாதி நாள் வாடகைக்குப் போகிறது. பெரிய நிலம் வைத்திருப்பவர் பாதியைத் தரிசாகப் போடுவார், மீதியை மேலோட்டமாக உழுவார். சிறிய நிலத்துக்காரர் ஏக்கருக்கு இரண்டு மடங்கு எடுப்பார். அப்படியானால் எது பொருளாதார உடைமை? பதில் ஏக்கரில் இல்லை. நிலம், உழைப்பு, மூலதனம் ஆகிய மூன்றும் சேரும் விகிதத்தில் இருக்கிறது. அம்பேத்கர் சொன்னதும் அந்த விகிதத்தைத்தான். நாட்டில் அப்போதிருந்த ஏர்களும் மாடுகளும் இருக்கிற சிறு நிலங்களுக்கே போதவில்லை என்று புள்ளிவிவரத்தை வைத்துக் காட்டுகிறார். இருக்கிற கருவிகளுக்கே நிலம் கூடுதலாக இருக்கும்போது, கருவியைப் பெருக்காமல் நிலத்தை மட்டும் பெரிதாக்கினால் நோய் கூடுமே தவிரக் குறையாது.

பிறகு இன்னும் ஆழமாகப் போகிறார். நிலம் ஏன் துண்டாகிறது? வாரிசுச் சட்டத்தால் என்றார்கள். அதனால் ஒரே வாரிசுக்கு நிலம் போகும்படி சட்டம் கொண்டுவரச் சொன்னார்கள். அம்பேத்கர் சொல்கிறார்: அரைக்கால் ஏக்கரானாலும் பங்கு கேட்டு அண்ணன் தம்பி நிற்பது, வெளியே வேறு பிழைப்பு இல்லாததால். நிலத்தின் மேல் வந்து விழும் மக்கள் கூட்டமே காரணம். வேலையில்லாமல் நிலத்தைச் சுற்றி நிற்கும் உழைப்பு, உற்பத்தி செய்யாமலே உண்ண வேண்டியிருக்கிறது. அது சேமிப்பை உண்கிறது, மூலதனத்தை உண்கிறது. தீர்வு வயலுக்குள் இல்லை, தொழில்மயத்தில் இருக்கிறது. மிகுதியான உழைப்பை வேறு உற்பத்திக்கு நகர்த்தினால் நிலத்தின் மேலான அழுத்தம் குறையும், உடைமை தானே பெரிதாகும்.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1954இல், செயின்ட் லூசியா தீவில் பிறந்த கறுப்பினப் பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ், விவசாயத்தில் தேங்கி நிற்கும் மிகை உழைப்பைப் பற்றிய கட்டுரையை மான்செஸ்டரிலிருந்து வரும் ஓர் ஆய்விதழில் எழுதினார். 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரும்பங்கு உண்டு. 'லூயிசுக்கு முன்பே அம்பேத்கர் கண்டுபிடித்தார்' என்று சமூக ஊடகத்தில் படம் போட்டுப் பகிர்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். லூயிஸ் கட்டியது முழுமையான ஒரு கோட்பாடு, அம்பேத்கர் எழுதியது ஒரு கொள்கை விவாதத்துக்கான மறுப்பு. இருவரும் ஒரே இடத்தைத் தொட்டார்கள் என்பதே போதுமான பெருமை. இல்லாத மாலையை அவருக்கு நாம் சூட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது ஞாயிறு எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. இந்தக் கட்டுரையின் வாதம் சாதியின் மேல் நிற்கவில்லை. 1916 மே 9 அன்று, இருபத்தைந்து வயதில், கொலம்பியாவின் மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தவர் அவர். அது 1917 மே மாதம் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அச்சாகியும் இருந்தது. அப்படிப்பட்டவர் நிலத்தைப் பற்றி எழுதும்போது சேரியை ஏன் நடுவில் வைக்கவில்லை? அடக்கி வாசித்தாரா? மானுடவியலுக்கு ஒரு முகம், பொருளியலுக்கு ஒரு முகமா?

அரை மணி நேரம் வாதாடினோம். எங்கள் கருத்து இது: அவர் அடக்கி வாசிக்கவில்லை. கட்டுரை ஒரு கேள்வியை எடுத்தது, அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. ஆனால் யார் பக்கம் நின்று பதில் சொன்னது என்று பாருங்கள். பெரிய பேராசிரியர்கள் நிலம் வைத்திருப்பவனின் ஏக்கரை எண்ணிக்கொண்டிருந்தபோது, இவர் வேலையில்லாமல் நிற்கும் கைகளை எண்ணினார். ஒடுக்கப்பட்டோரின் வீட்டிலிருந்து வந்தவருக்குத்தான் அந்தக் கணக்கு முதலில் கண்ணில் படும். எங்கள் முடிவை ஏற்காத தோழர் ஒருவர் இன்னும் இருக்கிறார். அவருடைய வாதத்திலும் வலு இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

அதே ஆண்டு அதே இதழில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் சமூக மறுசீரமைப்பு நூலுக்கு ஒரு மதிப்புரையும் எழுதினார். ரஸ்ஸல் அப்போதே உலகப் புகழ் பெற்றவர். அவரைப் பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டி, சொத்து பற்றிய அவருடைய கருத்தை மறுக்க வேண்டிய இடத்தில் மறுத்தார்.

1918 நவம்பரில் பம்பாய் சிடனாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கே ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்ததைக் கீர் எழுதுகிறார். பேராசிரியர்களோடு வாதாட அவருக்கு ஓர் ஆய்விதழின் பக்கம் கிடைத்தது. பேராசிரியர்களின் பானை கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே ஊரில், ஓராண்டு இடைவெளிக்குள் நடந்தவை.

1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். மராத்தியில், வாய் திறக்க முடியாதவர்களுக்காக. அதே ஆண்டின் நடுவில் சேமிப்பையும், கோலாப்பூர் ஷாகு மகாராஜின் உதவியையும், பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடனையும் கொண்டு மறுபடி லண்டன் போனார். இயக்கமா ஆய்வா என்று நம்மிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே ஆண்டில் இரண்டையும் வைத்திருந்த ஒருவரின் வரலாறு நம் கையில் இருக்கிறது. மூக்நாயக்கில் எழுதியதை ஆய்வேட்டில் எழுதவில்லை, ஆய்வேட்டின் நடையை மூக்நாயக்கில் கொண்டுவரவும் இல்லை. எங்கே யாரிடம் பேசுகிறோம் என்ற தெளிவு அவருக்கு இருந்தது.

லண்டனில் நடந்ததுதான் எங்கள் மாணவிக்கு நேராகப் பொருந்துகிறது. 1921இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். 1922 அக்டோபரில், ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வேட்டை டி.எஸ்சி. பட்டத்துக்காகக் கொடுத்தார். தேர்வாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. மாற்றி எழுதச் சொன்னார்கள். கையில் காசு தீர்ந்துபோயிருந்தது. 1923 ஏப்ரலில் பம்பாய் வந்து சேர்ந்து, அங்கேயே உட்கார்ந்து திருத்தி, ஆகஸ்டில் மறுபடி அனுப்பினார். நவம்பரில் ஏற்கப்பட்டது. டிசம்பரில் லண்டனில் புத்தகமாக வந்தது. திருத்தினாரே தவிர, முடிவுகளை மாற்றவில்லை என்கிறார் கீர். 'மேஜர் ரிவிஷன்' என்ற கடிதம் வந்ததும் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கும் தோழர்களுக்காக இந்தத் தேதிகளை வரிசையாக எழுதியிருக்கிறோம்.

எதை மாற்றவில்லை? அந்த நூலில் ஒரு வாதம் இருக்கிறது. 1873க்குப் பிறகு வெள்ளியின் விலை விழுந்தபோது ரூபாயின் மதிப்பும் விழுந்தது. ஏற்றுமதியாளர்களுக்கு அது வரமாக இருந்தது, நாட்டுக்கே ஆதாயம் என்று பேசினார்கள். அம்பேத்கர் அந்த ஆதாயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். விலைவாசி ஏறியது, கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. ஏற்றுமதியாளரின் பையில் விழுந்தது வெளிநாட்டாரின் பணமல்ல, உள்நாட்டுக் கூலியாளின் வயிற்றிலிருந்து எடுத்தது. நாணயக் கொள்கை பற்றிய ஒரு நூலில் கூலியாள் வந்து நிற்கிறார். சேரி என்ற சொல் இல்லாமலே.

எதிரில் நின்றவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பொன் பரிவர்த்தனை முறையை ஆதரித்து 1913இல் நூல் எழுதியவர் ஜான் மேனார்டு கெய்ன்ஸ். 1911 முதல் 1945 வரை 'எகனாமிக் ஜர்ன'லின் ஆசிரியரும் அவரே. அதாவது அந்தத் துறையின் வாசற்கதவில் நின்றவர். அவருடைய நிலைப்பாட்டைத்தான் பம்பாயிலிருந்து வந்த மாணவர் மறுத்தார். வழிகாட்டியான எட்வின் கேனன் முன்னுரை எழுதிக் கொடுத்தார். அதில், எல்லாவற்றோடும் தான் உடன்படவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, வாதங்களின் புதுமையைப் பாராட்டியிருக்கிறார். உடன்படாதவர் முன்னுரை எழுதுகிறார், அதை அப்படியே அச்சிடுகிறார்கள். அந்த வழக்கம் நமக்கும் வேண்டும். 1925 டிசம்பர் 15 அன்று இந்திய நாணயத்துக்கான அரச ஆணையத்தின் முன் சாட்சியம் சொன்னார். ரிசர்வ் வங்கி 1935இல் தொடங்கியதற்கு அந்த ஆணையத்தின் பரிந்துரை ஒரு படி. அவருக்கு அதில் பங்கு உண்டு என்று சொல்லுங்கள். 'அவரே உருவாக்கினார்' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு தேதியைக் காட்டி நம்மை மடக்கிவிடுவார்.

இன்றைக்கு வருவோம். கதவுகள் இன்னும் இருக்கின்றன, வடிவம்தான் மாறியிருக்கிறது. பல இதழ்களில் கட்டுரையாளரின் பெயரை மறைத்துத்தான் மதிப்பாய்வாளருக்கு அனுப்புகிறார்கள். சில இதழ்கள் அப்படிச் செய்வதில்லை. 'அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ'வில் பெயர் மறைப்பதால் என்ன நடக்கிறது என்று ரெபெக்கா பிளாங்க் சோதனை செய்து 1991இல் வெளியிட்டார். பெயர் தெரியாதபோது மதிப்பாய்வாளர்கள் கடுமையாக இருந்தார்கள், ஏற்கப்படும் விகிதம் குறைந்தது. ஆனால் 2011இல் அந்த இதழை நடத்தும் அமெரிக்கப் பொருளியல் சங்கம், இணையத்தில் தேடினால் யார் எழுதியது என்று தெரிந்துவிடுகிறது என்று சொல்லி மறைப்பதையே நிறுத்திவிட்டது.

பெயர் என்ன செய்யும் என்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதையும் ஓர் ஆய்விதழில் நிரூபித்தவர்கள் இருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007 அக்டோபரில் 'எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். 66 வாரம் நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. 'இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்?' என்று கேட்பவருக்கு நாம் ஆயிரம் மேடையில் சொன்ன பதிலைவிட இந்த மூன்று எண்கள் அதிக தூரம் போயிருக்கின்றன. துண்டறிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் அச்சிட எண் வேண்டுமே, அந்த எண் எங்கிருந்து வரும்?

மறுக்கப்படுவது நமக்கு மட்டும் நடப்பதும் அல்ல. ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய 'எலுமிச்சைச் சந்தை' கட்டுரையை மூன்று பெரிய இதழ்கள் திருப்பி அனுப்பின. 1970இல் நாலாவது இதழில் வந்தது, 2001இல் நோபல் பரிசு. அவரே 1976இல் சாதியைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். போட்டிச் சந்தை வந்தால் பாகுபாடு தானே கரைந்துவிடும் என்று நம்பிய பொருளியலாளர்களுக்கு அது ஒரு பதில். விதியை மீறுபவரை ஒதுக்கிவைப்பார்கள் என்ற பயமே, யாரும் விரும்பாதபோதும் சாதியை நிலைநிறுத்தும் என்று காட்டினார். ஒதுக்கிவைப்பது எப்படிச் சாதியை உண்டாக்குகிறது என்பதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கொலம்பியாவில் ஒரு மாணவர் வாசித்திருந்தார். ஆனாலும் அமெரிக்கப் பேராசிரியருக்கு மறுப்பு வந்ததையும் நம் மாணவிக்கு மறுப்பு வந்ததையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அவருக்கு நாலாவது இதழ்வரை காத்திருக்கச் சம்பளம் இருந்தது.

இப்போது அந்த மூன்று வரிக் கடிதம். கட்டுரையைப் படித்து முடித்த பிறகு கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தோம். மூன்றாவது வரி அவமதிப்பு, அதில் ஐயமில்லை. நிறுவனங்களின் நடையில் எழுதுபவரை யாரும் 'முதலாளி நடை' என்று திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் முதல் இரண்டு வரி சரி. ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சங்கத்தில் இருக்கும் பணியாளர்களிடம் மட்டுமே அவர் பேசியிருந்தார். சங்கத்தில் இல்லாதவர்களின் கூலி இன்னும் குறைவாக இருக்கலாம், அப்படியானால் அவருடைய கணக்கே உண்மையைக் குறைத்துக் காட்டியிருக்கும். அவர் வாதம் வலுப்படத்தான் போகிறது. முந்தைய ஆய்வுகள் என்ற பகுதியில் நமக்குப் பிடித்தவர்களின் பெயர் மட்டும் இருந்தது. ஒப்பந்தமுறை திறனைக் கூட்டுகிறது என்று எழுதியவர்கள் யாரும் இல்லை. கீட்டிங்கே இல்லாமல் அம்பேத்கர் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

அவர் மறுபடி வேலைக்குப் போனார். காலை ஐந்து மணிக்கு வருகைப்பதிவு எடுக்கும் இடங்களில் நின்றார். சங்கத்துக்கு வெளியே இருப்பவர்களிடம் பேசினார். வாய்க்கணக்கு போதாது என்று கூலிச் சீட்டுகளைப் பார்த்து எழுதிக்கொண்டார். முகவுரையை நாங்கள் சேர்ந்து நாலு முறை திருத்தினோம். கேள்வி என்ன, பதில் என்ன, எந்தத் தரவு என்று மூன்றும் முதல் பக்கத்திலேயே தெரியவேண்டும். மற்றதைப் படிக்காமல் அட்டவணையை மட்டும் பார்த்தாலும் அது தானே பேச வேண்டும். பொருளியல் இதழ்கள் கேட்கும் ஜே.ஈ.எல். வகைப்பாட்டு எண் போடும்போது ஒரு வேடிக்கை. பாகுபாட்டுக்கு ஓர் எண் உண்டு, இனத்துக்கும் சிறுபான்மைக்கும் பழங்குடிக்கும் புலம்பெயர்ந்தோருக்கும் சேர்த்து ஓர் எண் உண்டு. தலைப்புகளில் சாதியைத் தேடிக் களைத்துப் போனோம். கடைசியில் பாகுபாட்டையே போட்டார்.

பணம் கட்டினால் பத்து நாளில் போடுகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் அவருக்கு வந்தது, உங்களுக்கும் வரும். ஆசைப்பட்டுவிடாதீர்கள். மதிப்பாய்வே செய்யாத இடத்தில் அச்சாகும் கட்டுரையை எதிரி படிக்கவே மாட்டான். பெரிய வெளிநாட்டு இதழ்கள் சிலவற்றில் சமர்ப்பிக்கவே கட்டணம் உண்டு, அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. காத்திருப்பது கொடுமைதான், ஆறு மாதம் தாண்டினால் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்.

நடையைப் பற்றி ஒரு விவாதம் மிச்சம் இருந்தது. 'சுரண்டல்' என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று மாணவி கேட்டார். வேண்டாம் என்றோம். எட்டு இடத்தில் இருந்ததை ஒரே இடத்தில் வைத்தார். அட்டவணைக்குப் பிறகு, சட்டக்கூலிக்கும் கொடுத்த கூலிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் காட்டிய வரிக்கு அடுத்ததாக.

அனுப்புவதற்கு முந்தைய வாரம் அட்டவணைகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பணியாளர்களிடம் வாசித்துக் காட்டப் போனார். நாங்கள் இரண்டு பேர் கூடப் போனோம். பிடித்தம் என்ற வரிசைக்கு வந்தபோது, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓர் அக்கா குறுக்கிட்டார். "அதுல எல்லாத்தையும் பி.எஃப்.னு போட்டுட்ட பாப்பா. பாதிதான் பி.எஃப்.பு. மீதி இந்தச் சட்டைக்கும் கையுறைக்கும் புடிக்கிறது. கையுறையே குடுக்கல." மாணவி அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து அந்த வரிசையை இரண்டாகப் பிரித்தார். மறுநாள் கூலிச் சீட்டுகளை எல்லாம் மறுபடி முதலிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. கட்டுரை மூன்று வாரம் தள்ளிப்போனது.